காருக்குள் காலடியில் தண்ணீர்: சிலிக்கான் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: ஆறு வருடம் ஓடிய ஹேட்ச்பேக் கார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்பவரின் காலடியில் மேட் அடிக்கடி நனைந்து கிடக்கிறது. மழை பெய்யாத நாளிலும் ஈரம். வண்டிக்குள் ஊறல் நாற்றம் வேறு. கடையில் காட்டியதற்கு, "முன் கண்ணாடி ஓரத்துல லீக் சார், சுத்தி சிலிக்கான் அடிச்சுட்டா சரியாயிடும்" என்றார்களாம். அடிக்கலாமா?

வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. மழையும் பெய்யவில்லை, வண்டியையும் கழுவவில்லை என்றால் கண்ணாடி வழியாக உள்ளே வர வெளியே தண்ணீரே கிடையாது. அப்படியும் மேட் நனைகிறது என்றால், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே உண்டாகிறது. கார் ஏசி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்மூர் வண்டிகளில் இடது பக்கக் காலடி நனைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏசியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பைத்தான். கண்ணாடி, கதவு, பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் அது என்ன தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேட்டை எடுத்துவிட்டு, ஈரமான இடத்தில் வெள்ளை டிஷ்யூ தாளை அழுத்தி எடுங்கள். நிறமில்லாமல், விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி தண்ணீராக இருக்கலாம். மண்ணும் இலைத் துணுக்கும் கலந்து கலங்கலாக இருந்தால் வெளியிலிருந்து வந்த மழைத் தண்ணீர். பச்சை, ரோஸ், நீலம் என்று நிறம் காட்டி, விரலில் வழவழப்பாக இருந்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் அதைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எப்போது நனைகிறது என்று பாருங்கள். ஏசி போட்டு ஓடிய பிறகு மட்டுமா, நிறுத்தி வைத்த வண்டியில் மழைக்குப் பிறகா, மழையில் ஓட்டும்போது மட்டுமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

இனி ஏசி விஷயம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலும் வியர்க்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் சேரும். அது கூலிங் காயில் பெட்டியின் அடியில் வடிந்து, ஒரு ரப்பர் பைப் வழியாக ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) தாண்டி ரோட்டில் சொட்ட வேண்டும். ஏசி ஓடும் கார் நின்ற இடத்தில் கீழே ஈரம் இருப்பது நல்ல அறிகுறி. நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் காற்றைத் தள்ளும் ப்ளோயரும் கூலிங் காயிலும் பெரும்பாலான வண்டிகளில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், இடது பக்கம் இருக்கின்றன. பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பெட்டிக்குள் ஏறி, இணைப்புகள் வழியாக இடது காலடியில்தான் கொட்டும். திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் டேஷ்போர்டுக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டால் கிட்டத்தட்ட உறுதி.

சோதனை எளிது. மழையில்லாத நாளில் சமதரையில், திறந்த இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. ஏசியை முழுக் குளிரில், வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வையுங்கள்; வெளிக்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தண்ணீர் சீக்கிரம் சேரும். இருபது நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பாருங்கள். புழுக்கமான நாளில் வண்டிக்கு அடியில் சொட்டுகூட விழவில்லை என்றால் பைப் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே கழன்றிருக்கிறது.

அந்தப் பைப் கட்டைவிரல் பருமனில் கறுப்பு ரப்பராக, ஃபயர்வாலின் கீழ்ப்பாதியில் இருந்து வெளியே வந்து தரையைப் பார்த்து வளைந்திருக்கும். சில வண்டிகளில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தாலே தெரியும். பலவற்றில் கீழிருந்துதான் பார்க்க முடியும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் வாட்டர் வாஷ் கடையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினும் சைலன்சர் குழாயும் ஆறியிருக்க வேண்டும். பல வண்டிகளில் பைப்பின் நுனி, பூச்சி நுழையாதபடி, உதடு மூடினாற்போலத் தட்டையாக ஒரு கீறலோடு இருக்கும். அந்தக் கீறலில்தான் சேறு ஒட்டிக் காய்ந்து இறுகிப்போகிறது. இரண்டு விரலால் நுனியை அமுக்கி உருட்டுங்கள். முதலில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வரும், அடுத்து ஒரு பெரிய டம்ளர் அளவுக்குத் தண்ணீர் மொத்தமாக மணிக்கட்டில் கொட்டும். "முன் கண்ணாடி லீக்" என்று கண்ணாடிக்காரரிடம் அலைந்துவிட்டு வரும் பல வண்டிகளில் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அமுக்கியும் வரவில்லை என்றால் பைப்பைக் கழற்றிக் கழுவலாம், அல்லது மொண்ணை நுனியுள்ள நீளமான கேபிள் டையையோ தடித்த தங்கூசி நரம்பையோ மெதுவாக உள்ளே விட்டு ஆட்டலாம். கூரான கம்பி கூடாது. பெட்டிக்குள் சற்று மேலேயே அலுமினியக் காயில் இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் ஏசி கேஸ் வெளியேறி, டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலையாகிவிடும். கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பதும் தவறு. உள்ளே செருகியிருக்கும் பைப் கழன்றுகொள்ளும், வெளியே அடைப்பு போய்விட்டது போலத் தெரியும், தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதை ஊறவைத்துக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடைப்பு ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் வரும். பலர் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு "காத்து நல்லா வருது" என்று ஓட்டுகிறார்கள். ஃபில்டர் இல்லாத வண்டியில் தூசி, முடி, இலைத்தூள் எல்லாம் ஈரமான காயிலில் ஒட்டி, தண்ணீரோடு வழிந்து பைப்பில் போய் அடைகிறது. ஃபில்டர் இருந்து அது அழுக்கேறிப் போனால் வேறு தொல்லை: காற்று போதாமல் காயிலில் ஐஸ் பிடிக்கும். நெடுந்தூரப் பயணத்தில் போகப்போகக் காற்று குறைந்து, ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் மொத்தமாகத் தண்ணீர் கொட்டினால் ஐஸ் உருகுகிறது என்று அர்த்தம். கேஸ் குறைந்தாலும் இதே கதைதான். பெரும்பாலான வண்டிகளில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் ஃபில்டர் கைக்கு வந்துவிடும், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அண்மையில் கூலிங் காயில் மாற்றிய வண்டி என்றால், உள்ளே ட்ரெயின் பைப்பைத் திரும்பச் செருகினார்களா, குளிர்ந்த பைப்பின் மேல் சுற்றியிருந்த ஃபோமைத் திரும்பச் சுற்றினார்களா என்று கேளுங்கள். ஃபோம் இல்லாத பைப் தானே வியர்த்துச் சொட்டும்.

கூலன்ட் என்று தெரிந்தால் வழி வேறு. நாம் ஹீட்டரே போடுவதில்லையே என்று நினைக்கலாம்; ஆனால் பல வண்டிகளில் ஹீட்டர் காயிலுக்குள் சூடான கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் கண்ணாடியின் உட்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே போவது, இவை கூடவே வரும் அடையாளங்கள். இதைத் தள்ளிப்போட்டால் இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கட் வரை செலவு இழுக்கும். காயில் மாற்றும் வரை ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் இன்ஜின் பக்கம் ஒன்றாக இணைத்து ஓட்ட முடியும். எந்த ஹோஸ் என்று தெரிந்த மெக்கானிக் கையால் செய்யுங்கள்.

மழைத் தண்ணீர் என்றால் நான் முதலில் திறப்பது வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத்தான். முன் கண்ணாடியில் விழும் மழை முழுக்க அதன் வழியாக ஒரு தொட்டியில் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள ஓட்டைகள் வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். வேப்ப மரம், தூங்குமூஞ்சி மரம், மயில் கொன்றை ஆகியவற்றின் அடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பொடிப்பொடியான இலைகள் ஜல்லடைத் துளை வழியாக உள்ளே இறங்கி, மக்கி, மண்ணாகி, ஓட்டையை அடைத்துவிடும். அந்தத் தொட்டியில்தான் ப்ளோயருக்கு வெளிக்காற்று போகும் வாயும் இருக்கிறது. தண்ணீர் அந்த வாய் மட்டத்துக்கு ஏறியதும் ப்ளோயர் வழியாக இடது காலடியில் விழும். ப்ளோயர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் இதை உடனே பாருங்கள். மோட்டார் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடியின் அடியோரம் ஊற்றினால் சில நொடிகளில் சக்கரத்தின் பின்னால் வடிய வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் வைப்பர் கைகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, இலையைக் கையால் அள்ளுங்கள். பிரஷர் தண்ணீர் அடித்தால் மக்கிய இலை இன்னும் ஆழத்தில் போய் இறுகும்.

அடுத்தது கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது குறையல்ல. கண்ணாடியோரம் இருக்கும் பீடிங் தண்ணீரை வழித்துவிடுமே தவிர முழுக்கத் தடுக்காது. உள்ளே போனது கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே வந்துவிடும். அந்த ஓட்டைகளைத் துடைப்பத்தின் ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். ஓட்டை சரியாக இருந்தும் கதவுப் படி நனைகிறது என்றால், கதவின் உட்பக்க அட்டைக்கு (டோர் பேட்) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் கோளாறு. இந்தத் தாள்தான் கதவுக்குள் வழியும் தண்ணீரை அறைக்குள் வரவிடாமல் மறுபடி கதவுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. ஸ்பீக்கர் மாட்டியவர்களும், கண்ணாடி மோட்டார் மாற்றியவர்களும் அதை பிளேடால் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் போட்ட வண்டி ஒரு தாள் இல்லாமல் நாறுவதைப் பார்க்க மனசு கேட்காது. கறுப்பு பியூட்டைல் டேப்பும் கனமான பாலிதீன் தாளும் வாங்கி, தாளின் அடி ஓரம் கதவின் உட்பக்கம் போகும்படி செருகி ஒட்டினால் போதும். செல்லோ டேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

முன் கண்ணாடியும் லீக் ஆகும், இல்லையென்று சொல்லவில்லை. கண்ணாடி மாற்றிய வண்டியிலும், முன்பக்க டிங்கரிங் பார்த்த வண்டியிலும் சந்தேகப்படலாம். கண்ணாடியின் பக்கத் தூணில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உலோகத்தில் தண்ணீர் வழிந்த தடம் தெரியும். கண்ணாடியின் வெளி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். டேப் இருக்கும்போது நின்று, எடுத்ததும் வந்தால் கண்ணாடிதான். அப்போதும் சரியான வேலை, கண்ணாடியை அறுத்தெடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, யூரித்தேன் பசையில் திரும்ப ஒட்டுவதுதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். பெயின்ட் போன இடத்தில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் யூரித்தேன் பிடிக்காது. இன்றைக்கு அடிக்கும் ஒரு ட்யூப், நாளைக்குச் செய்ய வேண்டிய நல்ல வேலையையும் கெடுத்துவிடும். அதனால்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்ன், ஃபாக் லைட் என்று வெளியில் எதையாவது மாட்டியிருந்தால், ஃபயர்வாலில் வயர் நுழையும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே நடந்து வரும். வயரை நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் நான்கு மூலைகளிலும் மெல்லிய பைப் உண்டு; மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு மட்டும் நனைந்தால், தரைத் தகட்டில் உள்ள ரப்பர் அடைப்பான் ஒன்று கழன்றிருக்கும்.

எங்கே என்று பிடிபடவில்லை என்றால் ஹோஸ் சோதனை. கதவுப் படியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையையும், காலடியின் பக்கச் சுவரில் உள்ள மூடியையும் கழற்றி, கார்ப்பெட்டை மடித்து, இரும்புத் தகடு தெரியும்படி வையுங்கள். தகட்டைத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் வெளியே சாதாரணத் தோட்ட ஹோஸால் தண்ணீரை வழியவிட வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முறை: முதலில் கதவின் அடி, பிறகு கதவின் சுற்று, வைப்பர் தொட்டி, கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து பத்து நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் எல்லா இடத்திலும் வழியும், எது என்று தெரியாது. பவுடரில் ஈரக்கோடு விழுந்ததும் அதன் மேல்முனையைத் தேடுங்கள். ஈரம் தேங்கும் பள்ளம் எங்கோ இருக்கும், நுழையும் இடம் எங்கோ இருக்கும்.

லீக்கை அடைத்ததும் பலர் வேலை முடிந்தது என்று மேட்டைத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். காருக்குள் நீங்கள் தொட்டுப் பார்க்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஃபோமோ ஃபெல்ட்டோ இருக்கிறது. மேலே உலர்ந்தது போலத் தெரியும். கை முஷ்டியை ஊன்றி அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வரும். அது தானாகக் காயாது. நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது, எத்தனை பெர்ஃப்யூம் டப்பா மாட்டினாலும் போகாது. தரைத் தகடு துருப்பிடிப்பதும் அங்கேதான்.

காயவைக்க, சீட்டைக் கழற்றுவது நல்லது. பெரும்பாலும் நான்கு போல்ட். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொடுங்கள், கழற்றி வைத்திருக்கும்போது சாவியை ஆன் செய்யாதீர்கள். பழக்கமில்லை என்றால் சீட்டைக் கழற்றாமல் கதவோரத்திலிருந்து கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாலும் காற்று போகும். முதலில் தண்ணீர் இழுக்கும் வாக்குவம் போட்டு உறிஞ்சுங்கள், பிறகு டேபிள் ஃபேனை அந்த இடைவெளியைப் பார்த்து வையுங்கள், வெயிலில் கண்ணாடிகளை இறக்கி நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு ஒரு வாரம்கூட ஆகும். ஃபோமுக்குள் செய்தித்தாளைச் செருகி மறுநாள் எடுத்துப் பாருங்கள். தாள் மொறுமொறுவென்று வந்தால்தான் காய்ந்தது. மக்கிக் கறுத்துப்போன ஃபெல்ட்டைக் காயவைத்துப் பயனில்லை, அறுத்தெறிந்து புதிதாகப் போடுங்கள்.

கார்ப்பெட் தூக்கியிருக்கும்போதே அடியில் ஓடும் வயர் கட்டையும் பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஏர்பேக் விளக்கு எரிவது, சென்ட்ரல் லாக் தானாக அடித்துக்கொள்வது போன்ற பல வியாதிகள் இந்தப் பச்சையில்தான் ஆரம்பிக்கின்றன. தகட்டில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமரும் பெயின்டும் அடித்துவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நடந்தது போல வண்டி நின்ற இடத்திலேயே வெள்ளம் உள்ளே ஏறியிருந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஸ்டார்ட் செய்து பார்க்காமல், பேட்டரியைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்து கொண்டுபோங்கள்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில் அந்த இருபது நிமிட ஏசி சோதனை. கீழே சொட்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் "லீக் பாருங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், "ஏசி ட்ரெயின் பைப்பை கிளீன் பண்ணி, ஃபில்டரை எடுத்துக் காட்டுங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். பைப்பைச் சுத்தம் செய்த பிறகு, கார்ப்பெட்டைத் தூக்கி வைத்த நிலையிலேயே இன்னொரு இருபது நிமிடம் ஏசியை ஓடவிட்டு, கீழே ஒழுங்காகச் சொட்டுகிறதா, உள்ளே தகடு காய்ந்தே இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். வெளியே சொட்டுகிறது, உள்ளேயும் ஈரம் வருகிறது என்றால் பைப் உள்பக்கம் சரியாக உட்காரவில்லை. அதைச் செருகிய பிறகுதான் கார்ப்பெட்டைக் கீழே விட வேண்டும்.